குளிசையை விட்டதும் தலைக்குள் கரண்ட் அடிக்குது: வாசகர் கேள்வி, உளநல மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நாலு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. மனச்சோர்வுக்குப் போட்ட குளிசையைக் குறைக்கும்போதும் நிறுத்தும்போதும் வருகிற கஷ்டம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு 34 வயது, ஆசிரியை. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்கு ஒன்றரை வருஷமாக செர்ட்ராலின் 100 மில்லிகிராம் போட்டேன். நல்ல சுகம் வந்தது. ஆறேழு மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை. இனி எதற்கு என்று நானாகவே ஒரு கிழமை 50 போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தொடங்கியது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் 'சிர்ர்' என்று கரண்ட் அடிக்கிற மாதிரி. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் தலைச்சுற்று. ஓங்காளம், இரவில் பயங்கரக் கனவு, பிள்ளைகளோடு எரிந்து விழுகிறேன், சும்மா இருக்க அழுகை வருகிறது. "நீ அந்தக் குளிசைக்கு அடிமையாகிவிட்டாய், பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்கிறா மாமி. வருத்தம் திரும்பிவிட்டதா? இன்றைக்கு ஒன்பதாம் நாள். — கொக்குவில் வாசகி

பதில்: பல்லைக் கடிக்க வேண்டாம், தங்கச்சி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பழைய வருத்தம் திரும்பினது மாதிரித் தெரியவில்லை. குளிசையைச் சடுதியாக விட்டதால் உடம்பு தடுமாறுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், முதலாவது, நாள் கணக்கு. நிறுத்தின மூன்றாம் நாளே தொடங்கிவிட்டது. மனச்சோர்வு திரும்புவதென்றால் பெரும்பாலும் அவ்வளவு கெதியாக வராது, கிழமைக்கணக்கில், பலருக்கு மாதக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் வரும். அடுத்தது, தலைக்குள் கரண்ட் அடிக்கிறதும் கண்ணைத் திருப்பத் தலை சுற்றுகிறதும் உங்களுக்குப் பிள்ளை பிறந்த நேரம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருக்காது. மனச்சோர்வில் அந்தக் கரண்ட் வருவதில்லை, மருந்து குறையும்போதுதான் வரும். அழுகையும் எரிச்சலும் இரண்டிலும் வரும் என்பதால்தான் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள், சில நேரம் டொக்டர்மாரும் குழம்பிவிடுகிறோம், "பார்த்தீர்களா, வருத்தம் போகவில்லை, இனிக் காலம் முழுக்கப் போட வேண்டும்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அது பெரிய அநியாயம்.

உள்ளே நடப்பது இதுதான். செரோடோனின் என்கிற பொருளை மூளையின் நரம்புகள் வெளியே விட்டுவிட்டுத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் அந்த இழுப்பை மறிக்கின்றன. ஒன்றரை வருஷம் அப்படி மறித்து வைத்திருந்தால் நரம்புகள் அதற்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டுவிடும். செர்ட்ராலினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 26 மணித்தியாலம் போதும், ஐந்தாறு நாளில் கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். மருந்து போகிற வேகத்துக்கு நரம்பு பழைய நிலைக்குத் திரும்பாது, அதற்குக் கிழமைகள் வேண்டும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில்தான் நீங்கள் இப்போது நிற்கிறீர்கள்.

மாமிக்கு ஒரு வார்த்தை. அடிமையானவர் அந்தப் பொருளைத் தேடி அலைவார், நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவார். உங்கள் மருமகள் அதே அளவை ஒன்றரை வருஷம் போட்டு, சுகம் வந்ததும் தானாகவே விடப் பார்த்திருக்கிறா. அவவின் உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். மன உறுதியால் தீர்க்கிற காரியம் இல்லை இது. மாமி, நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இரண்டு மூன்று கிழமைக்குப் பின்னேரங்களில் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது.

இப்போது என்ன செய்வது? அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். இந்தக் கிழமைக்குள்ளேயே கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து "தொடர்ந்து போடுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், அப்படிச் சொன்னால் வந்த அறிகுறிகளைப் பார்த்து அளவைக் கூட்டிவிடவும் கூடும். பெரும்பாலும் நீங்கள் கடைசியாகப் போட்ட 50 ஐத் திரும்பத் தொடங்கச் சொல்வார்கள். நாட்கணக்கில் கரண்ட் அடங்கும். அப்படிக் கெதியாக அடங்கினால் அதுவே இது மருந்து விட்டதால் வந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி, ஏனென்றால் உண்மையான மனச்சோர்வுக்கு அந்தக் குளிசை வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, அடங்கின பிறகு விடலாமா என்றால், விடலாம். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான கணக்கு, நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். முன்னமும் இந்த வருத்தம் வந்திருந்தால் கணக்கு வேறு, இரண்டு வருஷம் வரை தொடரச் சொல்வோம். விடுகிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

100 இலிருந்து 50 க்கு இறங்கின கிழமையில் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. 50 இலிருந்து பூச்சியத்துக்கு இறங்கினதும் விழுந்துவிட்டீர்கள். இரண்டும் 50 தானே என்று தோன்றும், மூளைக்கு அப்படி இல்லை. இந்த வகை மருந்துகளின் ஆகக் குறைந்த சிகிச்சை அளவே செரோடோனினை இழுக்கும் அந்த வாசல்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மறித்துவிடும் என்று மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேலே அளவை இரட்டிப்பாக்கினாலும் கொஞ்சம்தான் கூடும். ஆகவே பெரிய அளவில் பாதியை வெட்டினாலும் மூளைக்குச் சின்ன மாற்றம், கடைசிச் சின்னத் துண்டை விடுவதுதான் பெரிய மாற்றம். இதை வைத்து மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2019 இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்: குறைக்கக் குறைக்க வெட்டுகிற துண்டும் சின்னதாக வேண்டும், கடைசியில் வழமையான அளவுக்கும் எவ்வளவோ கீழே போய்த்தான் நிறுத்த வேண்டும் என்று. மனச்சோர்வுச் சிகிச்சைக்கான பிரித்தானியாவின் 2022 ஆம் ஆண்டு வழிகாட்டியும் இப்போது இப்படித்தான் சொல்கிறது, ஒவ்வொரு முறையும் அப்போது போடுகிற அளவில் ஒரு பங்கைக் குறை, அளவு சின்னதாகும்போது பங்கையும் சின்னதாக்கு. நாங்கள் படித்த காலத்தில் ஒரு மாதத்தில் எல்லாம் முடித்துவிடலாம் என்றுதான் சொல்லித் தந்தார்கள்.

உங்களுக்கு என்றால் 50 இல் ஒரு மாதம் ஆறுதலாக இருந்துவிட்டு 37.5, பிறகு 25, பிறகு 12.5, அதற்கும் கீழே இன்னும் ஒன்றிரண்டு படி என்று, ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நாலு கிழமை நிற்கிற மாதிரி ஒரு திட்டத்தை உங்கள் டொக்டரோடு கதைத்துப் போடலாம். இது உதாரணம் மட்டும். ஒரு படியில் கஷ்டமாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள், தாங்க முடியாவிட்டால் ஒரு படி மேலே ஏறுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் எடுத்தாலும் எடுக்கட்டுமே, யார் துரத்துகிறார்கள்?

50 மில்லிகிராம் குளிசையின் நடுவில் கோடு இருந்தால் கையாலேயே இரண்டாக உடைக்கலாம். காலாக்குவதற்குப் பார்மசியில் விற்கிற குளிசை வெட்டும் சின்னப் பெட்டி வேண்டும், கத்தியால் வெட்டினால் ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சின்னது, மிச்சம் மேசையில் தூள். ஒரு குளிசையை வெட்டினால் அதன் நாலு துண்டையும் முடித்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள், துண்டில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் நாலு நாளில் சரிவந்துவிடும். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கோ" என்று பலருக்குச் சொல்லியிருப்பார்கள். செர்ட்ராலினுக்கு அது சரிவராது. ஒரு நாளிலேயே பாதியாகிற மருந்து, போடாத நாள் இறங்கும், போட்ட நாள் ஏறும், நரம்புக்கு நிம்மதியே இருக்காது. தினமும் குறைந்த அளவு போடுவது நல்லது.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரி: திகதி, போட்ட அளவு, எத்தனை மணித்தியாலம் நித்திரை, கரண்ட் பத்துக்கு எத்தனை, மனம் பத்துக்கு எத்தனை. கிளினிக்கில் விடிய வந்து வரிசையில் இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடம். போன முறை பார்த்த டொக்டர் மாற்றலாகிப் போயிருப்பார், புதியவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல நேரம் போதாது. அந்தக் கொப்பியை விரித்து நீட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். உங்களுக்கும் உதவும், ஏனென்றால் மோசமான நாளில் "தொடங்கின நாளிலிருந்து இப்படித்தான்" என்று மனம் சொல்லும், கொப்பி அப்படிச் சொல்லாது.

எப்போது தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதம் வேண்டாம். வீட்டில் திவசமோ கலியாணமோ இருக்கிற மாதமும் வேண்டாம். 2009 இல் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பம் என்றால் மே மாதத்தில் எந்தப் படியும் இறங்காதீர்கள். அந்த மாதம் மருந்து போடுகிறவர்களுக்கே எவ்வளவு கனக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

தலைச்சுற்று இருக்கும் வரை ஸ்கூட்டி ஓட வேண்டாம், பஸ்ஸில் போங்கள். வெயிலுக்குத் தண்ணீரும் இளநீரும் நிறையக் குடியுங்கள். நித்திரை வரவில்லை என்று பக்கத்து வீட்டாரிடமோ பார்மசியிலோ குளோனசெபாம் மாதிரி நித்திரைக் குளிசை வாங்கிப் போட வேண்டாம், அது உண்மையிலேயே பழக்கமாகிவிடுகிற மருந்து, ஒன்றை விடப் போய் இன்னொன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாருக்கும் இப்படி வருமோ என்று இதைப் படிக்கிற மற்றவர்கள் பயப்படுவீர்கள். இல்லை. 2024 இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தை நிறுத்தினவர்களில் ஏறத்தாழ 31 சதவீதமானவர்களுக்கு ஏதாவது ஒரு அறிகுறி வந்திருக்கிறது, மருந்தே இல்லாத வெறும் மாவுக் குளிசையை நிறுத்தினவர்களிலும் 17 சதவீதமானவர்களுக்கு வந்திருக்கிறது. கடுமையாக வந்தது 3 சதவீதம் அளவில். அந்த ஆய்வுகள் பலவற்றில் ஆட்கள் கொஞ்சக் காலம்தான் மருந்து போட்டிருந்தார்கள், வருஷக்கணக்கில் போட்டவர்களுக்குக் கூடுதலாக வரலாம் என்று நினைக்கிறேன். அந்தச் சிறு பகுதியில் நீங்கள் ஒருவர் என்றால் சதவீதம் சொல்லி ஆறுதல்படுத்துவதில் பிரயோசனம் இல்லை, ஆறுதலாகக் குறைப்பதுதான் வழி.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் அந்தரப்பட்டால், இரண்டு மூன்று இரவு ஒரு பொட்டு நித்திரையும் இல்லாவிட்டால், செத்தால் நல்லது என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாலும், கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவென்றால் 1926 க்கு எடுங்கள், இலங்கையின் தேசிய உளநல உதவி இலக்கம் அது.

கேள்வி: எனக்கு 61 வயது. வென்லாஃபக்சின் 75 கப்சியூல் மூன்று வருஷமாகப் போடுகிறேன். கந்தசஷ்டி ஆறு நாளும் பின்னேரம் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் பிடிப்பது வழக்கம். இந்த முறை மருந்தையும் விட்டேன். அடுத்த நாளே வியர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு. மாரடைப்பு என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், ஈசிஜி நல்லது என்றார்கள். அடுத்த விரதத்துக்கு என்ன செய்வது? கப்சியூலைத் திறந்து பாதி போடலாமா? — சுன்னாகம் வாசகர்

பதில்: ஐயா, நெஞ்சு படபடத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனது சரியான வேலை. உங்கள் வயதில் அதை வீட்டில் இருந்து யோசிக்கக் கூடாது.

வென்லாஃபக்சின் உடம்பை விட்டு மிகக் கெதியாகப் போகிற மருந்து. அது பாதியாக 5 மணித்தியாலம் அளவில், அது உடம்புக்குள் மாறி வருகிற பொருள் பாதியாக 11 மணித்தியாலம் அளவில். அதனால்தான் ஒரு வேளை தவறினாலே பலருக்கு அடுத்த நாள் தெரிந்துவிடுகிறது. பரோக்செடின் என்கிற மனச்சோர்வு மருந்தை விட்டாலும் அப்படித்தான். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பார்மசி பார்மசியாக ஏறி இறங்கின குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கையில் ஒரு கிழமைக்கான மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை எடுத்துவிடுங்கள்.

விரதத்தை விட வேண்டாம், மருந்தையும் விட வேண்டாம். பின்னேரம் பாலும் பழமும் எடுக்கும்போது கப்சியூலையும் போடுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் ஓங்காளம் வரும். நேரத்தைக் காலையிலிருந்து பின்னேரத்துக்கு மாற்றுவதை விரதத்துக்கு முதல் கிழமையே தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு மணித்தியாலமாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். வருத்தக்காரர் மருந்து எடுத்ததற்காக விரதம் பிழைத்தது என்று சொன்ன ஐயர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

கப்சியூலுக்குள் சின்னச் சின்ன மணிகள் இருக்கும், மருந்தை நாள் முழுக்க மெதுவாக விடுகிறவை. அவற்றை அரைக்கவோ சப்பவோ கூடாது, மருந்து முழுதும் ஒரேயடியாக இறங்கிவிடும். குறைக்க விருப்பம் என்றால் 37.5 கப்சியூல் இருக்கிறது, அதற்கும் கீழே மணிகளைக் கணக்குப் பார்த்துக் குறைப்பது, அல்லது ஃபுளூஒக்செடினுக்கு மாற்றி அதிலிருந்து இறங்குவது என்று வழிகள் உண்டு. எதையும் நீங்களாகச் செய்யாமல் உங்கள் டொக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். விரத காலத்தை அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கேள்வி: மனைவி கிளினிக் சொன்னபடி எஸ்சிட்டலோப்ரம் குறைக்கிறா. அளவு மாற்றின முதல் கிழமை வீட்டில் நரகம். கோபம், அழுகை, "என்னை விட்டிட்டுப் போங்கோ" என்கிறா. நான் வாயைத் திறந்தாலே பிழை. என்ன செய்ய? — மானிப்பாய் வாசகர்

பதில்: தம்பி, அளவு மாறுகிற திகதியை நாட்காட்டியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து குறியுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு வருகிற பத்து நாளில் பெரிய கதை ஒன்றும் எடுக்க வேண்டாம், காணிப் பிரச்சினை, கடன், வெளிநாடு போகிற யோசனை எல்லாம் தள்ளி இருக்கட்டும். கோபம் வரும்போது "இது மருந்து குறைத்ததால்" என்று அந்த நேரமே சொல்லாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும், கேட்கிறவவுக்குத் தன்னுடைய நியாயத்தையெல்லாம் குளிசையின் தலையில் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். பேசாமல் ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுங்கள், சமையலை எடுங்கள், இரவில் பிள்ளை எழும்பினால் நீங்கள் எழும்புங்கள். மனம் ஆறின பிறகு, கொப்பியில் எழுதியிருக்கிறாவா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அவ சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

ஒவ்வொரு படியிலும் இப்படி என்றால் படி பெரிது என்று அர்த்தம். அடுத்த முறை கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய் அதைச் சொல்லுங்கள். "விட்டிட்டுப் போங்கோ" என்பதை மட்டும் கோபத்தில் வந்த கதை என்று விட்டுவிட வேண்டாம். சாகிற எண்ணம் ஏதும் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே புகுத்திவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை, கேட்க ஆள் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். ஆம் என்றால் அவவைத் தனியே விடாமல், மேலே கொக்குவில் வாசகிக்குச் சொன்ன மாதிரி அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஃபுளூஒக்செடின் 20 நிறுத்தி இரண்டு கிழமை. ஒன்றுமே வரவில்லை. தப்பிவிட்டேனா? மிச்சமாக 40 கப்சியூல் இருக்கிறது. தங்கச்சியும் கொஞ்ச நாளாக ஒரே யோசனையில் இருக்கிறாள், வயது 19, அவளுக்குக் கொடுக்கலாமா? — பருத்தித்துறை வாசகி

பதில்: ஃபுளூஒக்செடின் மற்றவை மாதிரி இல்லை. அதுவும் அது மாறி வருகிற பொருளும் உடம்பை விட்டுப் போகக் கிழமைக்கணக்கில் எடுக்கும், தானாகவே படிப்படியாக இறங்குகிற மாதிரி. அதனால் பலருக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். சிலருக்கு மூன்றாம் நாலாம் கிழமைதான் தலைச்சுற்றும் எரிச்சலும் தலைகாட்டும், அப்போது "நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று, இது வேறு ஏதோ" என்று நினைத்துவிட வேண்டாம். அதைத் தாண்டினாலும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பிரித்தானியாவில் நீண்ட காலம் மருந்து போட்டு நல்ல சுகமாக இருந்தவர்களை வைத்துச் செய்து 2021 இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் மனச்சோர்வு திரும்பினது நிறுத்தினவர்களில் 56 சதவீதம், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். நிறுத்தியும் திரும்பாதவர்கள் நூற்றுக்கு 44 பேர் இருக்கிறார்கள், நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்க் காட்டுங்கள்.

தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டாம். 25 வயதுக்குக் கீழே இந்த மருந்துகளைத் தொடங்கும் முதல் கிழமைகளில் சாகிற எண்ணம் கூடக்கூடும், அதனால் தொடங்குகிறவரை அடிக்கடி பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாதிரித் தெரிவது சிலருக்கு வேறு வருத்தத்தின் ஒரு பக்கமாக இருக்கும், அவர்களுக்கு இதைக் கொடுத்தால் மனம் எதிர்ப்பக்கம், அளவுக்கு மீறின உற்சாகத்துக்கு, எகிறிவிடக்கூடும். மிச்சக் கப்சியூலை வீட்டில் வைத்திருக்காமல் அடுத்த முறை கிளினிக்குக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். அதே நாளில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளுடைய கதையை அவளே சொல்லட்டும்.